பென்ட்ரைவ்ல பூட் ஆகலையா? பயாஸ்ல கை வைக்குறது கடைசி வேலை

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச வட்டத்துல இதே பேச்சுதான். ஆறாவது ஜெனரேஷன் ஐ5 லேப்டாப், நல்லாத்தான் ஓடுது, ஆனா விண்டோஸ் 11 ஆஃபிஷியலா ஏறாது, தூக்கிப் போடவும் மனசு வரல, சரி லினக்ஸ் மின்ட்ங்குற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுப் பாப்போம்னு இறங்குறாங்க. இல்லன்னா இங்க எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற எஸ்பி ரோட்டுக்குப் போய் ஏதோ ஒரு கம்பெனி கழிச்சு விட்ட லேப்டாப்ப வாங்கிட்டு வந்து ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் போடலாம்னு உக்காருறாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வரும், "அண்ணா பென்ட்ரைவ எடுக்கவே மாட்டேங்குது, நேரா விண்டோஸுக்கே போயிடுது, பயாஸ்ல எத மாத்தணும்?"

எதையும் மாத்தாதீங்க, முதல்ல. இதான் என் பதில். பயாஸ்ங்குறது விண்டோஸுக்கு முன்னாடியே லேப்டாப்ப எழுப்பி, எந்த டிஸ்க்ல இருந்து ஆரம்பிக்கணும், அதாவது பூட் ஆகணும்னு முடிவு பண்றது. யூட்யூப்ல எந்த வீடியோவ எடுத்தாலும் முதல் நிமிஷத்துலயே செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணு, லெகசிய ஆன் பண்ணு, ஃபாஸ்ட் பூட்ட ஆஃப் பண்ணுன்னு மூணு பயாஸ் செட்டிங்கையும் (ஒவ்வொண்ணும் என்னன்னு கீழ வரும்) சேத்துச் சொல்லிடுறாங்க, நம்மாளும் மூணையும் மாத்திடுறான். அப்புறம் பென்ட்ரைவும் வராது, ஏற்கனவே இருந்த விண்டோஸும் வராது, எது எதனால போச்சுன்னும் தெரியாது. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல கோளாறு பென்ட்ரைவுலயோ இல்ல விண்டோஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாததுலயோதான் இருக்கும், பயாஸ்ல இருக்காது. அதனால வரிசை இதுதான்: பென்ட்ரைவ், ஷட்டவுன், பூட் மெனு, அதுக்கப்புறமும் சரியா வரலன்னா மட்டும் செட்டிங். செட்டிங்ல கை வைக்கிறதுன்னாலும் ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும், அதுவும் மாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்க்ரீனையும் ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு.

பென்ட்ரைவுக்குப் போறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல டிஸ்க்கப் பூட்டி வைக்குற பிட்லாக்கர பத்திச் சொல்லிடுறேன், இத விட்டா வேற எதுல தப்பிச்சாலும் பிரயோஜனம் இல்ல. மாரத்தஹள்ளில ஒரு பிஜில இருக்குற தம்பி, வீடியோ பாத்து செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிட்டான், பென்ட்ரைவ் வரல, சரின்னு விண்டோஸுக்குத் திரும்பப் போனா நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன், 48 நம்பர் ரெகவரி கீ குடுன்னு கேக்குது. "நான் பிட்லாக்கர் போடவே இல்லையேண்ணா"ங்குறான். அவன் போடலதான். ஆனா விண்டோஸ் ஹோம் எடிஷன்லயே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்'னு ஒண்ணு இருக்கு, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணுன உடனே நிறைய லேப்டாப்ல அதுவா ஆன் ஆயிடும், நம்மகிட்ட பெருசா ஒண்ணும் கேக்காது. டிஸ்க்கத் தொறக்குற சாவி டிபிஎம்ங்குற பாதுகாப்புச் சிப்புக்குள்ள இருக்கும், செக்யூர் பூட் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்காங்குறதையும் சேத்து அளந்து பாத்துட்டுத்தான் அந்தச் சிப்பு சாவியக் குடுக்கும், நீங்க மாத்திட்டீங்கன்னா குடுக்காது, அவ்ளோதான். அவனுக்குச் செக்யூர் பூட்ட திரும்ப ஆன் பண்ணச் சொன்னேன், விண்டோஸ் பழையபடி வந்துடுச்சு. பெரும்பாலும் அப்படி வந்துடும், ஆனா அத நம்பி விளையாடாதீங்க.

ஆரம்பிக்கும்போதே ப்ரௌசர்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்குள்ள போய் டிவைஸ் லிஸ்ட்ல ரெகவரி கீ இருக்கான்னு பாத்து அத பேப்பர்ல எழுதிக்கோங்க, அதே லேப்டாப்புல சேவ் பண்ணி வைக்காதீங்க, பூட்டுன டிஸ்க்குக்குள்ளயே சாவி கெடக்கும். ப்ரோ எடிஷன்னா கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கருக்குப் போய் 'சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்' குடுத்துடுங்க. ஹோம்ல அந்த மெனு இருக்காது, செட்டிங்ஸ்ல 'டிவைஸ் என்க்ரிப்ஷன்'ன ஆஃப் பண்ணிட்டு அது டிக்ரிப்ட் ஆகி முடியுற வரைக்கும் சும்மா விட்டுடுங்க. ஆஃபீஸ் லேப்டாப்னா அந்தக் கீ உங்க ஐடி டிபார்ட்மென்ட்கிட்டதான் இருக்கும், அதுல இந்த வேலையே வேணாம். ஃபைல்களுக்கு பேக்கப் எடுத்தாச்சான்னு நான் தனியா கேக்கணுமா என்ன.

சரி, பென்ட்ரைவ். ஐஎஸ்ஓ ஃபைல (மொத்த இன்ஸ்டாலரும் ஒரே ஃபைலா வர்றது) டவுன்லோடு பண்ணி அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிட்டு பூட் ஆகலன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அதனால சொல்றேன், அந்த ஃபைல எழுதுறதுக்குன்னு ஒரு டூல் வேணும். விண்டோஸ்ல இருந்து பண்றதா இருந்தா ரூஃபஸ் போதும். 8 ஜிபி பென்ட்ரைவ் இருந்தாலே விண்டோஸோ மின்ட்டோ ஏறிடும். ரூஃபஸ்ல ஐஎஸ்ஓவ செலக்ட் பண்ணுனதும் 'பார்ட்டிஷன் ஸ்கீம்'னு ஒண்ணு கேக்கும், 2013-க்கு அப்புறம் வந்த லேப்டாப்னா கண்ண மூடிட்டு 'ஜிபிடி' வைங்க, பக்கத்துலயே 'யூஇஎஃப்ஐ'னு (பயாஸோட புது ரகம்) தானா வந்துடும். ரொம்பப் பழசா இருந்தா மட்டும் 'எம்பிஆர்'. உங்களுது எந்த ரகம்னு டவுட்டா இருந்தா விண்டோஸ்ல ஸ்டார்ட் மெனுவத் தொறந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்'னு தேடுங்க, அதுல 'பயாஸ் மோட்'னு ஒரு வரி இருக்கும், யூஇஎஃப்ஐயா, பழைய பயாஸ் ரகமான லெகசியான்னு அதுவே சொல்லும், கொஞ்சம் கீழ செக்யூர் பூட் ஆன்ல இருக்கான்னும் இருக்கும். இந்த ரெண்டு வரியையும் ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, பின்னாடி தேவைப்படும்.

எழுதி முடிச்ச பென்ட்ரைவ் சரியா இருக்கான்னு கண்ணாலயே பாக்கலாம். அத ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல தொறந்தா 'இஎஃப்ஐ'னு ஒரு ஃபோல்டர் இருக்கணும், அதுக்குள்ள 'பூட்', அதுக்குள்ள 'பூட்எக்ஸ்64'னு ஒரு சின்ன ஃபைல். லேப்டாப் பென்ட்ரைவ்ல தேடுறது அந்த ஒரே ஒரு ஃபைலத்தான், அது அங்க இல்லன்னா நீங்க பயாஸ்ல தலைகீழா நின்னாலும் யூஇஎஃப்ஐ மோட்ல வராது. இன்னொரு விஷயம், யூஇஎஃப்ஐக்கு நல்லாத் தெரிஞ்ச ஃபார்மட் ஃபேட்32 மட்டும்தான், ஆனா ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு தனி ஃபைல வைக்க முடியாது, இப்ப வர்ற விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள்ள இருக்குற இன்ஸ்டால் ஃபைல் அதத் தாண்டிடுது. ரூஃபஸ் என்ன பண்ணுதுன்னா என்டிஎஃப்எஸ்ல எழுதிட்டு பக்கத்துல ஒரு குட்டி பார்ட்டிஷன்ல அதப் படிக்குறதுக்கான டிரைவரையும் வச்சுடுது, அதனாலதான் சில லேப்டாப்ல பென்ட்ரைவ் பேரு ரெண்டு மூணு தடவ தெரியும், பயப்படாதீங்க. அதுலயும் தகராறு பண்ற மெஷினுக்கு மைக்ரோசாஃப்ட்டோட மீடியா கிரியேஷன் டூலயே யூஸ் பண்ணிடுங்க, அது ஃபேட்32-லயே அடக்கி எழுதிடும்.

டவுன்லோடே பாதில அறுந்து போன ஐஎஸ்ஓவும் நிறைய வரும், பிஜி வைஃபைல இறக்குனா கேக்கவே வேணாம். மின்ட், உபுன்டு (இன்னொரு லினக்ஸ்) சைட்ல எஸ்ஹெச்ஏ256-னு ஒரு நீளமான எழுத்துக் கூட்டம் போட்டிருப்பாங்க, 7-ஜிப் இருந்தா ஐஎஸ்ஓ மேல ரைட் க்ளிக் பண்ணி அதே எஸ்ஹெச்ஏ256 எடுத்துப் பாக்கலாம், ஒரு எழுத்து மாறுனாலும் திரும்ப இறக்குங்க. பென்ட்ரைவே டூப்ளிகேட்டாவும் இருக்கலாம். சிவாஜிநகர் பிளாட்ஃபார்ம்ல '1 டிபி'ன்னு போட்டு அடிமாட்டு விலைக்கு விக்குறத வாங்கியிருந்தா அது உள்ள எவ்ளோ நிஜம்னு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ-ங்குற டூல்ல ஓட்டிப் பாத்துட்டு யூஸ் பண்ணுங்க. இதெல்லாம் எதுக்குடான்னு இருந்தா ஒரே ஒரு வேலை பண்ணுங்க, ரூம்மேட் லேப்டாப்புல அந்தப் பென்ட்ரைவ சொருகி பூட் ஆகுதான்னு பாருங்க, இன்ஸ்டால் பண்ண வேணாம், மொத ஸ்க்ரீன் வந்தா போதும். அங்க வந்துச்சுன்னா பென்ட்ரைவ் மேல சந்தேகம் தீர்ந்துச்சு, அங்கயும் வரலன்னா உங்க பயாஸ திட்டாதீங்க. சொருகும்போது நேரா லேப்டாப் போர்ட்ல சொருகுங்க, டைப்-சி ஹப் வழியா வேணாம், ஒரு போர்ட்ல தெரியலன்னா இன்னொண்ணுல, கருப்புக் கலர் பழைய யூஎஸ்பி 2 போர்ட் இருந்தா அதுல முயற்சி பண்ணிப் பாருங்க.

அடுத்தது ஷட்டவுன், இங்கதான் நிறையப் பேரு சுத்துறாங்க. விண்டோஸ் 8-ல இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'னு ஒண்ணு இருக்கு, நீங்க ஷட்டவுன் குடுத்தா அது முழுசா சாகாது, கெர்னல (விண்டோஸோட மையப் பகுதி) ஹைபர்னேட் பண்ணி டிஸ்க்குல வச்சுட்டுத் தூங்கப் போகும். திரும்ப பவர் பட்டன அமுக்குனா எஃப்12 தட்டுறதுக்குள்ள விண்டோஸ் லோகோ வந்து நிக்கும். ஆனா ரீஸ்டார்ட் குடுத்தா முழுசா அணைஞ்சுதான் வரும். அதனால பூட் மெனு பிடிக்கணும்னா ஷட்டவுன் வேணாம், ரீஸ்டார்ட் குடுங்க. இல்லன்னா ஷிஃப்ட்ட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஷட்டவுன் குடுங்க, அதுவும் முழு ஷட்டவுன்.

அதவிட ஈஸி வழி ஒண்ணு இருக்கு, ஏன் யாருமே சொல்ல மாட்டேங்குறாங்கன்னு எனக்குப் புரியல. பென்ட்ரைவ முன்னாடியே சொருகிடுங்க, ஷிஃப்ட்ட அமுக்கிட்டே ரீஸ்டார்ட் க்ளிக் பண்ணுங்க, நீல ஸ்க்ரீன்ல சில ஆப்ஷன் வரும், அதுல 'யூஸ் எ டிவைஸ்' குடுத்தா உங்க பென்ட்ரைவ் பேரு தெரியும், அத க்ளிக் பண்ணுனா நேரா அதுல இருந்தே பூட் ஆகும். எந்தக் கீயையும் தட்ட வேணாம், பயாஸ்குள்ள போகவும் வேணாம். பயாஸ் செட்டிங்குக்கே போகணும்னாலும் இதே இடத்துல 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', அதுல 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. அந்த ஆப்ஷனே இல்லன்னா உங்க விண்டோஸ் லெகசி மோட்ல போட்டதா இருக்கலாம், மேல எடுத்த ஃபோட்டோல சரி பாத்துக்கோங்க.

விண்டோஸே ஓடாத மெஷினுக்குக் கீதான் வழி. டெல்ல எஃப்12 பூட் மெனு, எஃப்2 செட்டிங். ஹெச்பில எஃப்9 பூட் மெனு, எஃப்10 செட்டிங், ரெண்டும் ஞாபகம் இல்லன்னா எஸ்கேப் தட்டுனா ஒரு லிஸ்ட் வரும். திங்க்பேட்ல எஃப்12, செட்டிங்குக்கு எஃப்1. ஐடியாபேட்ல எஃப்12-உம் எஃப்2-உம், அது போக சைடுல பின் குத்துற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, நோவோ பட்டன், லேப்டாப் ஆஃப்ல இருக்கும்போது சிம் எடுக்குற பின்னால குத்துனா பூட் மெனுவும் வரும் செட்டிங்கும் வரும். ஆசுஸ்ல எஸ்கேப், எஃப்2. எம்எஸ்ஐல எஃப்11, டெலீட். ஏசர்ல எஃப்12தான், ஆனா நிறைய ஏசர்ல அந்த எஃப்12 மெனுவே ஆஃப்ல வந்திருக்கும், எஃப்2 அடிச்சு உள்ள போய் 'மெயின்' டேப்ல 'எஃப்12 பூட் மெனு'வ எனேபிள் பண்ணுனாத்தான் வேலை செய்யும், இது தெரியாம கீபோர்ட் போச்சுன்னு நினைச்சவங்கள எனக்குத் தெரியும். பவர் அமுக்குன உடனே அமுக்கிப் பிடிக்காதீங்க, டக் டக்னு தட்டிக்கிட்டே இருங்க. மேல் வரிசை கீயெல்லாம் வால்யூம், ப்ரைட்னஸ்னு மாறியிருந்தா எஃப்என் சேத்துத் தட்டுங்க.

மெனு வந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது, இங்க என்ன தெரியுதுங்குறத வச்சு நோயக் கண்டுபிடிக்கலாம். பென்ட்ரைவ் பேரே லிஸ்ட்ல இல்லையா, தெரியுது ஆனா செலக்ட் பண்ணுனா திட்டிட்டு திரும்பி வருதா, இல்ல உள்ள போய் அப்புறம் கருப்பா நிக்குதா, இந்த மூணும் மூணு வேற வேற கோளாறு, மூணுக்கும் ஒரே மருந்து குடுக்குறதுதான் யூட்யூப் வைத்தியம். ஒரே பென்ட்ரைவ் ரெண்டு பேருல தெரிஞ்சா, ஒண்ணுக்கு முன்னாடி யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும், அதத்தான் எடுக்கணும்.

பேரே இல்லன்னா இப்பதான் பயாஸ்குள்ள போறோம். பாக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அங்க இருக்குற 'ஃபாஸ்ட் பூட்', இது விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் கிடையாது, வேற. லேப்டாப் சீக்கிரம் எந்திரிக்கணும்னு யூஎஸ்பிய எல்லாம் தட்டிப் பாக்காமயே போயிடும், அத ஆஃப் பண்ணுங்க, இல்ல 'தரோ'னு இருந்தா அத வைங்க. இன்னொண்ணு 'யூஎஸ்பி பூட்', கம்பெனி லேப்டாப்புல இத அணைச்சு வச்சிருப்பாங்க, எனேபிள் பண்ணுங்க. ரெண்டும் சரியா இருந்தும் தெரியலன்னா திரும்பப் பென்ட்ரைவுக்குப் போங்க, ரூஃபஸ்ல எம்பிஆர்/ஜிபிடி தப்பா குடுத்திருப்பீங்க.

தெரியுது ஆனா 'செக்யூரிட்டி வயலேஷன்', 'இன்வாலிட் சிக்னேச்சர்' மாதிரி சிவப்பு டப்பா வந்து திட்டுதுன்னா அப்பதான் செக்யூர் பூட் பேச்சே. அபார்ட்மென்ட் கேட்ல இருக்குற செக்யூரிட்டி மாதிரி அது, லிஸ்ட்ல பேரு இருந்தா உள்ள விடும், இல்லன்னா யாரா இருந்தாலும் வெளிலதான். உபுன்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் மாதிரி லினக்ஸ் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வாங்குன ஃபைலோடதான் வருது, அதுக்குச் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணவே தேவை இல்ல. தேவைப்படுறது ஆர்ச் லினக்ஸ் மாதிரி கையெழுத்து இல்லாததுக்கு. பல ஐஎஸ்ஓவ ஒரே பென்ட்ரைவ்ல வைக்குற வென்டாய் டூல யூஸ் பண்றவங்களுக்கு மொத தடவ ஒரு நீல ஸ்க்ரீன் வந்து கீய என்ரோல் பண்ணச் சொல்லும், அத ஒரு தடவ பண்ணிட்டா அந்த லேப்டாப்புல மறுபடி கேக்காது. புது திங்க்பேட் சிலதுல வேற ஒரு சிக்கல், செக்யூர் பூட் ஆன்ல இருக்கும் ஆனா மைக்ரோசாஃப்ட்டோட 'தேர்ட் பார்ட்டி' சர்டிஃபிகேட்ட நம்பாத மாதிரி ஃபேக்டரில இருந்தே செட் பண்ணி அனுப்பியிருப்பாங்க, செக்யூர் பூட் பக்கத்துலயே அத அனுமதிக்குற ஒரு சுவிட்ச் இருக்கும், அத மட்டும் ஆன் பண்ணுனா போதும்.

மின்ட் பென்ட்ரைவ் முன்னாடியெல்லாம் வந்துச்சு, இப்ப 'எஸ்பாட் செல்ஃப் செக் ஃபெயில்டு'னு சொல்லிட்டு ஆஃப் ஆயிடுதுன்னு ஒரு கேஸ் வரும். அது 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட், ஓட்டை இருந்த பழைய லினக்ஸ் பூட்லோடர (பூட்ட ஆரம்பிச்சு வைக்குற ஃபைல்) எல்லாம் அது தடை லிஸ்ட்ல சேத்துடுச்சு. பழைய ஐஎஸ்ஓவ தூக்கிப் போட்டுட்டு லேட்டஸ்ட் இறக்குனா சரியாயிடும். அதே மாதிரி 2011-ல குடுத்த மைக்ரோசாஃப்ட் சர்டிஃபிகேட்டுக்கு 2026 ஜூன்ல இருந்து ஒண்ணொண்ணா தேதி முடியுது. அதனால ஓடிட்டு இருக்குற மெஷின் திடீர்னு நின்னுடாது, ஆனா 2023 சர்டிஃபிகேட்ல மட்டும் கையெழுத்து போட்ட புது பென்ட்ரைவ, அந்த சர்டிஃபிகேட் இல்லாத பழைய லேப்டாப் உள்ள விடாது. விண்டோஸ் அப்டேட்டையும் லேப்டாப் கம்பெனியோட பயாஸ் அப்டேட்டையும் போட்டு வச்சிருந்தீங்கன்னா அந்தத் தொல்லை குறையும்.

நிஜமாவே ஆஃப் பண்ணியே ஆகணும்னா ரெண்டு கம்பெனிக்கு ரெண்டு கூத்து. ஹெச்பில ஆஃப் பண்ணிட்டு சேவ் குடுத்தா அடுத்த தடவ ஆன் ஆகும்போது நாலு நம்பர் காமிச்சு அதத் தட்டி என்டர் குடுன்னு கேக்கும், அந்த எழுத்தப் படிக்காம எஸ்கேப் அடிச்சுட்டு மாறவே மாட்டேங்குதுன்னு சொல்லுவாங்க. ஏசர்ல அந்த ஆப்ஷன் சாம்பல் கலர்ல செத்துக் கெடக்கும், 'செக்யூரிட்டி' டேப்ல போய் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒண்ணு வச்சாத்தான் உயிர் வரும். வேலை முடிஞ்சதும் அந்தப் பாஸ்வேர்ட எடுத்துடுங்க, புது பாஸ்வேர்ட் இடத்துல ஒண்ணும் போடாம என்டர் குடுத்தா போயிடும். வச்சுட்டு மறந்தீங்கன்னா தீர்ந்துச்சு.

மூணாவது ரகம், உள்ள போகுது, லினக்ஸ் லோகோ வருது, அப்புறம் கருப்பு. இது பயாஸே கிடையாது, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு சண்டை, என்விடியா இருக்குற மெஷின்ல சகஜம். மின்ட் மெனுல 'கம்பாட்டிபிலிட்டி மோட்', உபுன்டுல 'சேஃப் கிராஃபிக்ஸ்' எடுத்து உள்ள போய் இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் டிரைவர் போட்டுக்கலாம்.

லெகசி, சிஎஸ்எம் ரெண்டும் ஒண்ணுதான், அத மட்டும் தொடாதீங்க. 1981-ல ஐபிஎம் பிசியோட வந்த பழைய பயாஸ் மாதிரி நடிக்குறதுக்காக வச்சிருக்குற வேஷம் அது. யூஇஎஃப்ஐ ஃபோரம் 2005-ல ஆரம்பிச்சாச்சு, இன்டெல் 2020-க்குள்ள சிஎஸ்எம்மையே எடுத்துடுவோம்னு சொல்லி, புது லேப்டாப் நிறையதுல அந்த ஆப்ஷனே இப்ப இல்ல. யூஇஎஃப்ஐல போட்ட விண்டோஸ் இருக்கும்போது லெகசிக்கு மாத்துனா 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு வரும், டிஸ்க் போச்சுன்னு பயந்து கடைக்குத் தூக்கிட்டுப் போவாங்க, கடைக்காரன் திரும்ப மாத்திட்டு ஐந்நூறு வாங்கிப்பான். திரும்ப யூஇஎஃப்ஐக்கு மாத்துங்க, வந்துடும்.

பென்ட்ரைவ் பூட் ஆகி இன்ஸ்டாலர் வரைக்கும் வந்துட்டு டிஸ்க்கையே காணோம்னு சொன்னா, அதுவும் பதினோராவது ஜெனரேஷன் இன்டெல்லோ அதுக்கு மேலயோ இருந்தா, 'விஎம்டி' இல்லன்னா 'ஆர்எஸ்டி'ங்குற இன்டெல் ஸ்டோரேஜ் செட்டிங்தான் காரணம். இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாம இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி கண்ணுல படாது. விண்டோஸ் போடுறீங்கன்னா செட்டிங்க மாத்தாதீங்க, லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கு இருக்குற இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர இறக்கி, எக்ஸ்ட்ராக்ட் பண்ணி அதே பென்ட்ரைவ்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு, இன்ஸ்டாலர்ல 'லோட் டிரைவர்' குடுத்தா டிஸ்க் வந்து நிக்கும். லினக்ஸ் இன்ஸ்டாலர் ஆர்எஸ்டிய அணைன்னு கேட்டா பயாஸ்ல 'ஏஹெச்சிஐ'க்கு (சாதாரண டிஸ்க் மோட்) மாத்தணும், ஆனா நேரா போய் மாத்துனா இருக்குற விண்டோஸ் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்'னு நீல ஸ்க்ரீன் போட்டு உக்காந்துடும். அதுக்கு முன்னாடி விண்டோஸ்ல 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' தொறந்து 'பூட்' டேப்ல 'சேஃப் பூட்' டிக் பண்ணிட்டு ரீஸ்டார்ட், பயாஸ்ல மாத்து, விண்டோஸ் சேஃப் மோட்ல ஒரு தடவ எந்திரிச்சு புது டிரைவர எடுத்துக்கும், டிக்க எடுத்துட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோட்ல பின் நம்பர் ஏத்துக்காம போகலாம், அக்கவுன்ட் பாஸ்வேர்ட் கைல இருக்கட்டும். ஏசர்ல விஎம்டி ஆப்ஷனே தெரியலன்னா 'மெயின்' டேப்ல நின்னுக்கிட்டு கன்ட்ரோலும் எஸ்ஸும் சேத்து அமுக்குங்க, ஒளிஞ்சுட்டு இருக்குறது வெளில வரும். இதுக்காகவே சொல்றேன், 'லோட் டிஃபால்ட்ஸ்' சாதுவான பட்டன் கிடையாது, முன்னாடி யாராவது ஏஹெச்சிஐல விண்டோஸ் போட்டிருந்தா டிஃபால்ட் குடுத்ததும் திரும்ப ஆர்எஸ்டிக்குப் போயி ஓடிட்டு இருந்ததும் நிக்கும். நீங்க எடுத்து வச்ச ஃபோட்டோ இருந்தா இந்தத் தலைவலி இல்ல.

எஸ்பி ரோட்ல செகண்ட் ஹாண்ட் வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. காசு குடுக்குறதுக்கு முன்னாடி கடையிலயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பயாஸ்குள்ள போய்ப் பாருங்க. "விண்டோஸ் ஓடுதல்ல சார், பயாஸ் யாக்கே (எதுக்கு)?"ன்னு கேப்பாங்க, சிரிச்சுக்கிட்டே எஃப்1-ஓ எஃப்10-ஓ தட்டுங்க. உள்ள போறதுக்கு பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா வேற பீஸ் எடுங்க, ஆயிரம் ரூபா குறைக்குறேன்னாலும் வேணாம். பேட்டரிய கழட்டி மாட்டுனா போயிடும்னு சொல்றது இருபது வருஷத்துக்கு முந்துன கதை, பிசினஸ் லேப்டாப்புல அந்தப் பாஸ்வேர்ட் கரன்ட் இல்லாமயும் நிக்குற சிப்ல இருக்கும், திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் தெரியலன்னா லெனோவோ சொல்ற வழி மதர்போர்ட மாத்துறதுதான். செக்யூரிட்டி பக்கத்துல 'அப்சல்யூட்' இல்ல 'கம்ப்யூட்ரேஸ்'னு ஒண்ணு 'ஆக்டிவேட்டட்'னு இருந்தாலும் வேணாம், பழைய ஓனர் கம்பெனி அத எப்ப வேணா பூட்டலாம். இன்னொண்ணு கடைல தெரியாது, வீட்டுல ஃப்ரெஷ் விண்டோஸ் போட்டு வைஃபை குடுத்ததும் ஏதோ ஒரு கம்பெனி பேரு போட்டு லாகின் கேக்கும், அந்தக் கம்பெனி தன் லிஸ்ட்ல இருந்து லேப்டாப்ப எடுக்கலன்னு அர்த்தம். அதுக்கு எந்த பயாஸ் செட்டிங்கும் உதவாது, பில்லோட திரும்பக் குடுக்குறதுதான், அதனால பில் இல்லாம வாங்காதீங்க.

மாத்துன செட்டிங் ஒவ்வொரு தடவையும் பழையபடி ஆயிடுது, தேதியும் ஏதோ ஒரு பழைய வருஷத்துல நிக்குது, ப்ரௌசர்ல எந்த சைட்டும் 'செக்யூர் இல்ல'ன்னு சொல்லுதுன்னா செட்டிங்கையும் கடிகாரத்தையும் காப்பாத்துற சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கு. பழைய லேப்டாப்ல வயர் வச்ச சிஆர்2032 காயின் செல் இருக்கும், மாடல் சொல்லி வயரோடயே வாங்குங்க. ஆனா மணி சரியா அஞ்சரை மணி நேரம் மட்டும் தள்ளி இருந்தா பேட்டரிய குறை சொல்லாதீங்க, லினக்ஸ் யூடிசி (உலகப் பொது) நேரத்த லேப்டாப் கடிகாரத்துல எழுதும், விண்டோஸ் அத நம்ம ஊர் நேரம்னு படிக்கும், ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா அப்படித்தான்.

இன்ஸ்டால் முடிஞ்சும் லினக்ஸ் வராம விண்டோஸே வந்தா பூட் ஆர்டர்ல 'விண்டோஸ் பூட் மேனேஜர்' மேல உக்காந்திருக்கும். மின்ட் போட்டவங்க அங்க 'மின்ட்'னு தேடாதீங்க, அதுவும் 'உபுன்டு'ங்குற பேருலதான் இருக்கும், அத மேல ஏத்துங்க.

பயாஸ் அப்டேட், தேவைன்னா மட்டும். கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பருக்கே இருக்குறது, பிட்லாக்கர் சஸ்பெண்ட், சார்ஜர் மாட்டியிருக்கணும், பேட்டரியும் பாதிக்கு மேல இருக்கணும், மழை நேரத்துல பெஸ்காம் எப்ப கரன்ட்ட எடுப்பான்னு நமக்குத் தெரியாது. நடுவுல ஸ்க்ரீன் கருப்பாகும், ஃபேன் கத்தும், ரெண்டு மூணு தடவ தானா ரீஸ்டார்ட் ஆகும், பவர் பட்டன்ல கை வைக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சு பென்ட்ரைவ திரும்ப விண்டோஸ்ல சொருகுனா 32 ஜிபி இருந்த இடத்துல சில எம்பிதான் காமிக்கும், இல்ல ஃபார்மட் பண்ணவான்னு கேக்கும். டிடி மோட்ல, அதாவது ஐஎஸ்ஓவ அச்சு அசலா அப்படியே எழுதுன லினக்ஸ் பென்ட்ரைவ் அப்படித்தான் தெரியும், கெட்டுப் போகல. ரூஃபஸையே தொறந்து 'பூட் செலக்ஷன்'ல 'நான் பூட்டபிள்' வச்சு ஸ்டார்ட் குடுங்க, முழு சைஸும் திரும்ப வந்துடும்.